பேர்ச் தோப்பில் புகையிலைத் தண்ணி

யூன் 9, திங்கள்

புனிதம் ஒஸ்லோவுக்குப் போய் நாலு நாளாகிறது. அவளின் தங்கச்சிக்கு முழங்கால் ஒப்பரேசன். பக்கத்தில் நின்று பார்க்க ஆள் வேண்டுமாம். ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் புறுபுறுப்பைக் கேட்ட காது இப்போது நாட்டின் மற்றக் கோடியில் இருக்கிறது. சுவருடன் கதைத்தால் விசர் என்பார்கள். கொப்பியில் எழுதினால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

இன்று கூரைப் பீலி துப்பரவாக்கினேன். படகின் அடியைச் சுரண்டினேன். படலைக்குப் பெயின்ற் அடித்தேன். பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பிறகு படலையைச் சுற்றிச் சுற்றி வந்து, விட்ட இடம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். மீன் ஆலையில் முப்பது வருடம் கத்தி பிடித்தவனுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கைக்கு அது இன்னும் விளங்கவில்லை. நோர்வேயின் இந்த வட முனையில் இந்த மாதம் சூரியன் படுப்பதில்லை. நானும் படுப்பதில்லை.

நாளை பிள்ளை வருகிறாள்.

யூன் 10

ஆரணி வந்துவிட்டாள். ஒரு சின்னத் தோள்பையில் உடுப்பு. மூன்று பெரிய பெட்டி நிறையப் பிளாஸ்ரிக் கோப்பை. பஸ் சாரதி இறங்கி வந்து பெட்டி இறக்கிக் கொடுத்தான்.

"தேத்தண்ணி போடட்டோ, பிள்ளை?"

"பிறகு குடிக்கிறன் அப்பா. முதல்ல தோப்பைப் பாத்திட்டு வாறன்."

போனவள் தேத்தண்ணி ஆறி ஏடு படிந்த பிறகுதான் வந்தாள். முழங்கால் எல்லாம் சேறு. முகம் எல்லாம் சிரிப்பு.

எங்களுக்கு ஒரே பிள்ளை. இருபத்தொன்பது வயது. டொக்டராவாள் என்று நினைத்தோம். ஆகப் போகிறாள்தான், ஆனால் சிலந்திக்கு. பூமி சூடாகச் சூடாக இந்தக் குளிர் நாட்டுச் சிலந்திகளும் பூச்சிகளும் என்ன செய்கின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வீட்டுக்குப் பின்னால் எங்கள் காணியில் இருக்கும் பேர்ச் மரத் தோப்பில் அந்தக் கோப்பைகளை மண் மட்டத்துக்குப் புதைத்து, உப்புத் தண்ணியும் ஒரு துளி சவர்க்காரமும் விட்டு, மேலே சின்னக் கூரை போட்டு வைப்பாள். ஓடித் திரியும் சிலந்தி அதில் விழும். கிழமைக்கு ஒருமுறை எடுத்து எண்ணுவாள். இது மூன்றாவது கோடை.

பதினெட்டு வயதில் படிக்கப் போன பிள்ளை. அதற்குப் பிறகு நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று நாள் வருவாள், கோடைக்கு ஒரு சனி ஞாயிறு. கேட்டால் வேலை என்பாள். சிலந்தி வந்த பிறகுதான் வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் நிற்கிறாள். பெற்ற தகப்பன் சிலந்திக்கு நன்றி சொல்ல வேண்டிய நிலைமை. சொல்கிறேன், வெட்கமில்லை.

யூன் 12

காலையில் தோப்புக்குள் போனபோது மழை தூறுகிற மாதிரிச் சத்தம். வானத்தைப் பார்த்தால் ஒரு முகில் இல்லை. சட்டையைத் தட்டினால் கறுப்பு மணல் போல ஏதோ கொட்டுகிறது. நிமிர்ந்து பார்த்தேன். மரம் முழுக்கப் புழு. பச்சைப் புழு, சின்ன விரலின் பாதி நீளம், இலைக்கு இரண்டு மூன்று. விழுந்துகொண்டிருந்தது அதுகளின் எச்சம். ஒவ்வொன்றும் நூல் விட்டுத் தொங்குகிறது. முகத்தில், கழுத்தில், காதுக்குள் எல்லாம் நூல்.

நான் கத்தின கத்தில் ஆரணி ஓடிவந்தாள். பார்த்தாள். இரண்டு கையையும் தட்டினாள்.

"வந்திட்டுது! அப்பா, வந்திட்டுது!"

"என்னடி வந்திட்டுது? மரத்தைத் தின்னுது!"

பிறகு விளங்கப்படுத்தினாள். இது ஒரு அந்துப்பூச்சியின் புழு. இலையுதிர் காலத்தில் தாய்ப்பூச்சி மரக்கொப்பில் முட்டை வைக்கும். முந்தி மாரியில், அதாவது இங்கத்தைய பனிக்காலத்தில், குளிர் மைனஸ் முப்பத்தைந்துக்குக் கீழே போனால் அந்த முட்டை செத்துவிடும். இப்போது குளிர் அந்தளவுக்கு இறங்குவதில்லை. அதனால் முன்பு வராத பள்ளத்தாக்குகளுக்கும் புழு வருகிறது. நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் மாரியில் கதவுப் பிடியில் கையுறை ஒட்டிப்பிடித்தது. போன மாரியில் தை மாதம் மழை பெய்தது. இதற்கெல்லாம் விளக்கம் புழுவாக வந்து என் மரத்தில் தொங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"புழு வந்த இடத்தில சிலந்திக்கு என்ன நடக்குது எண்டு கனபேர் பாத்திருக்கினம், அப்பா. ஆனா வர முதல் அந்த இடம் எப்பிடி இருந்தது எண்ட கணக்கு ஒருத்தரிட்டயும் இல்லை. என்னட்டக் கிடக்கு. ரெண்டு வருசக் கணக்கு. இந்தத் தோப்பில மட்டும்தான். என்ர கடைசி அத்தியாயமே இதுதான்."

"அப்ப மரம்?"

"மரம் தாங்கும். தாங்காட்டி அதுவும் நான் எழுத வேண்டிய விசயம்."

"கொஞ்சம் மருந்து அடிச்சா..."

"அப்பா!" எழும்பி நின்றுவிட்டாள். "ஒண்டும் செய்யப்படாது. மருந்து வேண்டாம், உரம் வேண்டாம், தண்ணிகூட ஊத்தப்படாது. கை வைக்கமாட்டன் எண்டு சொல்லுங்கோ."

நான் தலையை ஆட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

யூன் 14

இன்று அவளுடன் தோப்பில் நின்றேன். ஓநாய்ச் சிலந்தி என்று ஒரு சாதி. வலை பின்னாது, நிலத்தில் ஓடி வேட்டையாடும். மண்ணிறம், என் பெருவிரல் நகம் அளவு. தாய்ச் சிலந்தி தன் முட்டைகளை ஒரு சின்னப் பையில் கட்டிப் பின்னால் இழுத்துக்கொண்டு திரியும். ஆரணி அதுகளை மெதுவாகப் பிடித்து, முதுகில் புல் நுனியால் ஒரு மஞ்சள் பொட்டு வைத்து விடுகிறாள். எது எது எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று பார்க்கத்தான்.

பனி முன்னுக்குக் கரைகிற வருடங்களில் சிலந்திக்கு வளர நாள் கூடுமாம், உடம்பு பெருக்குமாம். சில தாய்மார் ஒரே கோடையில் இரண்டாம் தரமும் முட்டைப் பை கட்டுமாம். முன்பு அதற்கு நேரமே இருந்ததில்லையாம்.

ஒரு தாய் பொட்டு வைத்த பிறகு ஓடாமல் திரும்பி எங்களைப் பார்த்து முன்கால் இரண்டையும் தூக்கியது.

"உது உன்ர அம்மா மாதிரிக் கிடக்கு," என்றேன்.

ஆரணி சிரித்துச் சிரித்துச் சேற்றிலேயே இருந்துவிட்டாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருடக் கணக்காகிறது. நல்ல நாள்.

யூன் 17

மரங்கள் மொட்டையாகின்றன. இன்று மூன்று தரம் போய்ப் பார்த்தேன்.

யூன் 18

பக்கத்து வீட்டு ஒட்வார் வந்தான். ஆடு வளர்த்து ஓய்ந்த மனுசன், என்னைவிட இரண்டு வயது மூப்பு, கோப்பி குடிக்கத்தான் வருவான். அடுத்த பள்ளத்தாக்கில் புழு இரண்டு கோடை தொடர்ந்து தின்றதாம், அரைவாசி மரம் பட்டுப்போய்விட்டதாம், இப்போது இடுப்பளவு புல்தானாம். அதை ஏதோ வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரிச் சொல்லிவிட்டு இரண்டாவது கோப்பி கேட்டான்.

பின்னேரம் ஆரணி தன் பேராசிரியை இங்கருடன் தொலைபேசியில் கதைத்தாள். குசினியில் நின்ற எனக்குக் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை, வீடு சின்னது. "இதுதான் என் கடைசிக் கோடை" என்றாள். படிப்பு முடிய எங்கே வேலை கிடைக்குமோ அங்கே போகவேண்டும், கனடாவாகவும் இருக்கலாம் என்றாள்.

அதிலிருந்து ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தேன். விறகு கொத்தினேன். கொத்தின விறகை இடம் மாற்றி அடுக்கினேன். தோப்பு நல்லாக இருந்தால் கடைசிக் கோடை என்பது கடைசியாக இல்லாமலும் போகலாம். அங்கே ஆராய ஏதாவது மிச்சம் இருந்தால் சிலந்திக்காரி வருவாள். இடுப்பளவு புல்லில் அவளுக்கு என்ன வேலை?

யூன் 19

ஆரணி கிழக்குப் பக்கத்தில், புழு இன்னும் வராத தன் மற்ற ஆராய்ச்சி இடங்களைப் பார்க்கப் போய்விட்டாள். என் காரைக் கொடுத்து விட்டேன். வர ஒரு கிழமைக்கு மேலாகும்.

யூன் 20

புனிதம் தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சரப்பா, சாப்பிட்டனீங்களோ? ஏன் குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"புழு."

"என்ன புழு?"

சொன்னேன். தோப்பை, மரத்தை, ஒட்வார் சொன்னதை எல்லாம் சொன்னேன். கனடாவைச் சொல்லவில்லை.

"அவள் படிச்ச பிள்ளை. கை வைக்க வேண்டாம் எண்டா வையாதேங்கோ. உங்கட கை சும்மா நிண்டாத்தானே? போன வருசம் நல்லா இருந்த தண்ணிப் பைப்பைத் திருத்தி வீட்டுக்குள்ள வெள்ளம் விட்ட ஆள்."

அந்தப் பைப் நல்லாக இருக்கவில்லை. அதை விடுவோம்.

யூன் 21

பஸ்ஸில் கடைக்குப் போனேன். ஸ்னூஸ் வாங்கினேன். இங்கத்தைய ஆட்கள் உதட்டுக்குள் அடக்கி வைக்கும் புகையிலை அது, வட்ட டப்பாவில் வரும். கடையில் இருந்த தூள் ஸ்னூஸ் முழுவதையும் எடுத்தேன். காசு வாங்குகிற பெட்டை என் உதட்டைப் பார்த்தாள், டப்பாக்களைப் பார்த்தாள்.

"விருந்தாளிகள் வருகிறார்கள்," என்றேன்.

ஊரில் எங்கள் தோட்டத்தில் மிளகாய்க்குப் புழு விழுந்தால் புகையிலையை அவித்து வடித்து, சவர்க்காரம் கரைத்து அடிப்போம். அது மருந்தில்லை. மருந்தென்றால் போத்தலில் மண்டையோடு போட்டிருக்கும். இது இலை. இலையை அவித்த தண்ணி. அவ்வளவுதான்.

பெரிய மீன் சட்டியில் அவிய வைத்திருக்கிறேன். யன்னல் எல்லாம் திறந்துவிட்டும் வீடு நாறுகிறது. யாரும் மணத்தைப்பற்றிக் கேட்டால் செத்தல் மிளகாய் கருகினது என்று சொல்லலாம்.

யூன் 22, ஞாயிறு

மரங்களைக் குளிப்பாட்டினேன்.

உருளைக்கிழங்குக்கு மருந்து அடிக்க வாங்கி வைத்த டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, ஏணியைச் சாய்த்து, கோப்பைகள் உள்ள பக்கம் முழுவதும் அடித்தேன். இந்த ஊர் பேர்ச் மரம் உயராது, ஏணிக்குள் அடங்கும். நேற்றுவரை கால் இருந்த இடத்தில் நில்லாமல் திரிந்தவன் இன்று எட்டு மணித்தியாலம் களைப்பில்லாமல் நின்றேன். தோள் நோகவில்லை. புழுக்கள் சுருண்டு விழுந்தன. கோப்பைகளின் கூரைமேல் விழுந்ததைக் கையால் தட்டிவிட்டேன், பிள்ளையின் வேலை கெடக்கூடாது என்று. கவனமாகத்தான் செய்தேன். ஒரு கோப்பையையும் மிதிக்கவில்லை.

பின்னேரம் வடிவாக நித்திரை வந்தது.

யூன் 24

மழை. கழுவிக்கொண்டு போய்விட்டது. மரத்தில் புழு இல்லை.

ஒட்வார் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். "என் பக்கம் எல்லாம் தின்று முடித்துவிட்டது. உன் பக்கம் மட்டும் எப்படி இலை நிற்கிறது?"

"கழுவினேன்."

"எதால்?"

"தண்ணியால்."

நீண்ட நேரம் பார்த்தான். "அந்தத் தண்ணியில் எனக்கும் ஒரு வாளி தா," என்றான்.

யூன் 25

தோப்புக்குள் போனேன். சத்தமே இல்லை. நிலத்தில் ஒன்றும் ஓடவில்லை. குளிர் நாள், அதனால் ஒளித்திருக்கும்.

முட்டைப் பையுடன் ஒரு தாய்ச் சிலந்தி பாசிக்குள் கிடந்தது. மஞ்சள் பொட்டு. குச்சியால் தொட்டுப் பார்த்தேன். கால்கள் உள்ளுக்கு மடிந்திருந்தன. வயது போனதாக இருக்கும். எனக்கென்ன தெரியும், நான் சிலந்தி படித்தவனா?

யூன் 27

ஆரணி வந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே என்று காலையிலிருந்து வாசலிலேயே நின்றேன். மரங்களைப் பார்த்து ஆச்சரியப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். ஆச்சரியப்பட்டாள்தான். பிறகு நிலத்தில் முழங்கால் மடித்துக் குனிந்தவள் எழும்பவே இல்லை.

"அப்பா, இஞ்ச ஏதோ நடந்திருக்கு."

"என்ன?"

"புழுவும் செத்துக் கிடக்கு, சிலந்தியும் செத்துக் கிடக்கு. பொட்டு வைச்சதில ஒண்டுகூட ஓடேல்லை." நிமிர்ந்தாள். அவள் கண் அழவில்லை, மின்னியது. "புழுவுக்கு ஏதோ ஒரு நோய் வருத்தம் வந்திருக்கு. வைரஸா இருக்கலாம். ஆனா சிலந்தியும் சாகிறதெண்டா... இப்பிடி ஒருத்தரும் எழுதினதில்லை, அப்பா!"

நான் தேத்தண்ணி போடப் போனேன்.

யூன் 28

செத்த புழுக்களையும் சிலந்திகளையும் சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்திருக்கிறாள், மீனுக்குப் பக்கத்தில். ஆய்வுகூடத்துக்கு அனுப்புவாளாம். முடிவு வரக் கிழமைக் கணக்காகுமாம். அதுவரை பொறுக்க அவளால் முடியாது. அந்தப் பொறுமையின்மை என்னுடையதுதான். என் இரத்தம்.

யூன் 30

இங்கருடன் ஒரு மணித்தியாலம் கதைத்தாள். குதித்துக் குதித்துக் கதைத்தாள். இங்கர் சனிக்கிழமை தானே நேரில் வந்து பார்க்கப் போகிறாளாம். புரட்டாதியில் ஏதோ பெரிய மாநாடு, உலகத்திலுள்ள பூச்சிக்காரர் எல்லாம் வருவார்கள், அங்கே இதைப்பற்றிப் பேச ஆரணியின் பெயரைக் கொடுக்கப் போகிறார்களாம்.

நான் இன்று குளியலறைக் கதவின் பிணைச்சலைக் கழற்றி எண்ணெய் விட்டுப் பூட்டினேன். பிறகு வீட்டில் உள்ள எல்லாக் கதவுக்கும்.

யூலை 1

பிள்ளை புட்டு அவித்தாள். தானாகவே. குழல் எங்கே இருக்கிறதென்றுகூடக் கேட்கவில்லை. சாப்பிடும்போது, "அப்பா, உங்கட தோப்புத்தான் எனக்கு அதிட்டம்," என்றாள். தொண்டையில் புட்டு அடைத்துக்கொண்டது. தண்ணி எடுத்துத் தந்து முதுகில் தட்டினாள்.

சொல்லாவிட்டால் என்ன? மழை கழுவிவிட்டது. டப்பாக்களைத் தூரக் கொண்டுபோய்ப் போட்டாயிற்று. அவளுக்குச் சந்தோசம், இங்கருக்குச் சந்தோசம், மரமும் நிற்கிறது. ஒருவருக்கும் நட்டமில்லை.

யூலை 2

ஒட்வார் காலையிலேயே வாளியுடன் வந்தான். ஆரணி மேசையில் இருந்து குப்பிகளுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"உன் அப்பாவின் தண்ணி..." என்று தொடங்கினான்.

அவனுடைய கையைப் பிடித்து, படகு எஞ்சினில் ஏதோ சத்தம் கேட்கிறது, வந்து பார் என்று இழுத்துக்கொண்டு போனேன். எஞ்சினில் ஒரு சத்தமும் இல்லை. அரை மணித்தியாலம் இரண்டு பேரும் நல்ல எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உன் மகளுக்குத் தெரியாதா?" என்று கேட்டான்.

நான் எஞ்சின் மூடியைப் போட்டு மூடினேன். அவன் வெறும் வாளியுடன் போனான்.

எனக்குப் பயம் என்றே எழுதுகிறேன். மாநாட்டில் இருநூறு முந்நூறு பேருக்கு முன்னால் என் பிள்ளை எழும்பி நின்று, இந்தத் தோப்பில் இப்படி நடந்தது, குளிர் குறைந்ததால் ஒரு புதிய வருத்தம் வந்தது என்று சொல்லப் போகிறாள். நடந்தது என் சட்டியில். ஆய்வுகூடத்துக் குப்பிகளில் புகையிலை இருப்பதை எவனாவது ஒருநாள் கண்டுபிடிப்பான். அவள்தான் பொய்க்காரி என்று அன்றைக்குச் சொல்வார்கள். என்னை ஒருவரும் கேட்கமாட்டார்கள். நான் இந்தப் பள்ளத்தாக்கில் கதவுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன்.

யூலை 3

நாளைக்குச் சொல்வேன்.

யூலை 4

சொல்லிவிட்டேன்.

காலை. தோப்பில் கோப்பைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். நான் போய் எதிரில் நின்றேன். எப்படித் தொடங்குவது என்று வழி நெடுக யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"பிள்ளை, புழுவுக்கு ஒரு வருத்தமும் வரேல்லை."

"என்னப்பா?"

"நான்தான்."

சிரித்தாள். "என்ன செய்தனீங்கள்? ஏசித் துரத்தினனீங்களோ?"

"புகையிலைத் தண்ணி அடிச்சனான். நீ இல்லாத ஞாயிற்றுக்கிழமை. ஸ்னூஸ் வாங்கி அவிச்சு."

கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். தண்ணி சிந்தாமல் மெதுவாக வைத்தாள். சத்தம் போட்டிருந்தால் நல்லாக இருந்திருக்கும். போடவில்லை. எந்த மரத்திலிருந்து எந்த மரம்வரை என்று கேட்டாள். காட்டினேன். எத்தனை டாங்கி என்று கேட்டாள். சொன்னேன். இங்கே உள்ள எல்லாக் கோப்பையும் அதற்குள் வருகிறது என்பதை நான் காட்டி முடிக்க முதலே அவள் பார்த்துவிட்டாள்.

"தண்ணிகூட ஊத்தப்படாது எண்டு சொன்னனான்தானே."

"மருந்தில்லை எண்டு..."

"அப்பா."

"ஓம். மருந்துதான். தெரிஞ்சுதான் அடிச்சனான்."

"மூண்டு வருசம்." முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். கையில் மண். அவளைத் தொடலாமா என்று தெரியாமல் நின்றேன். பிறந்ததிலிருந்து தூக்கிய பிள்ளை, தொடப் பயமாக இருந்தது.

"ஏனப்பா?"

"மரம் பட்டுப்போனா நீ இனி வரமாட்டாய் எண்டு நினைச்சன்."

கையை எடுத்தாள். என்னை ஏதோ புதுச் சாதிச் சிலந்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இங்கர் முதல் வருசமே சொன்னவ, இந்தத் தோப்பு வேண்டாம் எண்டு. வீட்டுக்குப் பக்கத்தில கிடக்கு, ஆக்கள் கை வைப்பினம் எண்டு. அவ வடக்கில நல்ல இடம் ஒண்டு பாத்து வைச்சிருந்தவ, மனுசரே இல்லாத இடம். நான்தான் அடம்பிடிச்சு இதை எடுத்தனான்."

யூனிவெர்சிட்டிதான் வரைபடத்தில் பார்த்து எடுத்தது என்று இவ்வளவு நாளும் நான் நினைத்திருந்தேன்.

"ஏன்?"

"ஏனோ?" இப்போதுதான் குரல் உயர்ந்தது. "நான் வேலை இல்லாம வந்து ரெண்டு மாசம் வீட்டில நிண்டா விடுவீங்களோ? ஏன் வந்தனி, அங்க என்ன பிரச்சினை, எப்ப போறாய் எண்டு நீங்களும் அம்மாவும் மாறி மாறிக் கேப்பீங்கள். உங்களோட வந்து இருக்க எனக்கு ஒரு சாட்டு, ஒரு காரணம் வேணும் அப்பா. வேற என்ன சாட்டு இருந்தது எனக்கு?"

எழும்பி வீட்டுக்குப் போனாள். நான் தோப்பில் நின்றேன். செய்வதற்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

யூலை 5, சனி

இங்கர் வரவில்லை. ஆரணி நேற்றே அவளுக்குத் தொலைபேசி எடுத்து எல்லாம் சொல்லிவிட்டாள். கதவு பூட்டியிருந்தது, ஆனாலும் கேட்டது. என்னைப்பற்றிக் குறைவாக ஒரு சொல் சொல்லவில்லை. "என் கவனக்குறைவு" என்றாள். அந்த இடத்தில் நான் வெளியே போய்விட்டேன்.

தோப்பை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். கிழக்கில் உள்ள இடங்களை வைத்துக் கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதவேண்டும். மாநாடு இல்லை. படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் கூடும். திங்கட்கிழமைப் பஸ்ஸில் பல்கலைக்கழகத்துக்கு வந்துவிடு, இனி அங்கே நின்று என்ன செய்யப் போகிறாய் என்று இங்கர் சொன்னாளாம். பிள்ளை இதை யன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

புனிதம் எடுத்தாள். ஒளிக்காமல் சொன்னேன். கேட்டு முடிய, "அவள் சாப்பிட்டவளோ?" என்று கேட்டாள்.

"இல்லை."

"நீங்கள்?"

"இல்லை."

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

யூலை 6

கோப்பைகளைக் கிண்டி எடுத்தாள். நான் கேட்காமலே போய் மற்றப் பக்கத்திலிருந்து கிண்டினேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு குழியையும் மண் போட்டு மூடினோம். மூன்று பெட்டியும் நிறைந்தது. ஒட்வாரின் பக்கம் மொட்டை மரங்களில் புழு முடிந்து, கொப்புகளின் நுனியில் புதிதாகத் துளிர் விடத் தொடங்கியிருக்கிறது. நான் அதைப் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

வேலை முடிய, "உப்பைக் குறைச்சுக் குழம்பு வையுங்கோ, அம்மா இல்லாததால கையளவில போடுறீங்கள்," என்றாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசின முதல் வார்த்தை இது.

யூலை 7, திங்கள்

பெட்டிகள் நேற்றிலிருந்து வாசலில் அடுக்கிக் கிடக்கின்றன. பஸ் பத்தேகாலுக்குக் கீழே றோட்டால் போகும். நான் ஒன்பது மணியிலிருந்து குசினி யன்னலில் நின்றேன். மாடியில் ஆரணியின் அறையில் சத்தமில்லை. ஒரு தரம் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தேன், எழுப்பிவிடலாம் என்று. பிறகு கையை எடுத்துவிட்டேன்.

பஸ் வந்தது. நின்றது. சாரதி வீட்டைப் பார்த்து ஹோர்ன் அடித்தான், கொஞ்சம் பார்த்தான், போய்விட்டான். ஹோர்ன் சத்தம் கேட்டு மாடியில் கட்டில் கிறீச்சிட்டது. கால் வைத்து இறங்கும் சத்தம் வருமென்று நின்றேன். வரவில்லை. திரும்பிப் படுத்திருக்கிறாள்.

தோப்பில் இப்போது ஒரு கோப்பையும் இல்லை, எண்ணுவதற்குச் சிலந்தியும் இல்லை. இறங்கி வரும்போது எப்போது போகிறாய் என்று கேட்கமாட்டேன். மீனை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். உப்பைக் குறைத்துப் போடவேண்டும்.